குரல் வராத டேப்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
ஜூலை 1977

வால்டர் அப்பாவுக்கு,

உங்கள் ஐரீன் எழுதுவது. நானும் வால்டரும் உங்கள் அக்காவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். இராயப்பர் திருநாள் முடிந்து தெருவில் தோரணம்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. இந்த வருஷமும் தேர் நம் வாசலில் நின்றது. உங்கள் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

பெட்டி வந்து சேர்ந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய தூத்துக்குடிக்காரர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். காபி கொடுத்தேன். உங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் நல்லா இருக்கார் என்று ஒரே பதில்தான். இளைத்துவிட்டாரா என்றால் நல்லா இருக்கார். தலை நரைத்துவிட்டதா என்றால் நல்லா இருக்கார். கப்பல்காரர்களுக்குப் பேசவே வராதா, அல்லது இதை மட்டும் சொன்னால் போதும் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா தெரியவில்லை.

டேப் ரிக்கார்டர் அழகாக இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த நீலத் துணி அதைவிட அழகு. ஓரமெல்லாம் நெருக்கமாக, ஒரு தையல்கூடப் பிசகாமல் மடித்துத் தைத்திருக்கிறது. உங்களுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவே வராது. துணியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது டேப் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில், பாட்டு அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள். நம் தெருவில் உங்களைப் போலப் பாட ஒரு ஆள் உண்டா? கோவில் மாடத்தில் நின்று நீங்கள் பாடியதைக் கேட்டுத்தானே, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் அம்மாவிடம் சொல்லி அறை வாங்கினேன். வேலை முடிந்து நீங்கள் வரும்போது தெருமுனையிலேயே குரல் கேட்கும். குரல் கேட்டதும் நான் தட்டை எடுத்து வைப்பேன், நீங்கள் கை கால் கழுவி உட்காரும்போது சோறு ஆவி பறக்கும். ஆறு வருஷமாக அந்தக் குரல் இல்லாத தெரு இது. அப்படிப்பட்டவர் டேப் அனுப்பினால் அதில் அவருடைய பாட்டு இருக்கும் என்றுதானே நினைப்பேன்?

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வாசலில் பாய் விரித்தோம். உங்கள் அக்கா சிலுவையம்மாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். ரேடியோ ரிப்பேர் கடை தமீம் பாய், ஜப்பான் மெஷினை நான்தான் முதலில் தொடுவேன் என்று வந்து பொத்தானை அழுத்தினார். வாத்தியம் ஆரம்பித்தது. நன்றாகத்தான் இருந்தது. இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று காத்திருந்தோம். வாத்தியம் மட்டும் போகிறது, போகிறது, முடிந்துவிட்டது. அடுத்த பாட்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. டேப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தமீம் பாய் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். குரல் வருகிற ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா கேட்கவில்லை. இத்தினி நாளு கடல் மேல வந்துகீது, உப்புக்காத்து எந்தம்பி தொண்டைய துன்னுடுச்சு என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துக் குழந்தைகளும் அழுதன. நான் அழவில்லை. டேப்பை இரண்டு பக்கமும் கடைசிவரை ஓட விட்டேன், எங்காவது ஒரு இருமலாவது கேட்காதா என்று.

பத்து நாள் கழித்து உங்கள் தபால் வருகிறது. அது பாட்டுக்காரர் இல்லாத டேப்பாம். நீங்கள் வேலை செய்கிற அந்தக் கோபே ஊர்க் கடையில் குடிக்க வருகிறவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்த வாத்தியத்தோடு தாங்களே பாடுவார்களாம். கராஓகே என்று அதற்குப் பெயராம். எந்தப் பாட்டை யாருக்குப் போடுவது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலையாம். இதை முதலிலேயே எழுதினால் உங்கள் பேனா தேய்ந்துவிடுமா? அக்காவின் கண்ணீராவது மிச்சமாயிருக்கும்.

போகட்டும். பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பிய ஜப்பான் வார்த்தைகளை வைத்துக்கொண்டு நம் வால்டரும், ரயில்வே ஜார்ஜும், தமீம் பாயின் அக்கா மகன் தாவூதும் தினமும் வாசலில் கத்துகிறார்கள். ஆனால் முதல் டேப் முழுக்க அழுகிற பாட்டு. எழவு வீடு மாதிரி இழுக்கிறது. வாலிபப் பையன்களுக்கு ஏற்றமாதிரி துள்ளலாக நாலு பாட்டு அனுப்பச் சொல்லுங்கள் ஆன்ட்டி என்று ஜார்ஜ் பிடுங்குகிறான். பார்த்து அனுப்புங்கள்.

நான் இறால் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஐஸில் கை வைத்து வைத்து விரலெல்லாம் வெந்தமாதிரி இருக்கிறது. நாங்கள் உரிக்கிற இறால் ஜப்பானுக்குத்தான் போகிறது என்று மேஸ்திரி சொன்னார். உங்கள் தட்டில் வந்தால் பார்த்துச் சாப்பிடுங்கள், நான் உரித்ததாக இருக்கும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வால்டர் அம்மா

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
நவம்பர் 1977

வால்டர் அப்பாவுக்கு,

ஐரீன் எழுதுவது. இங்கே மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வால்டர் தார்ப்பாய் போட்டிருக்கிறான். திருவொற்றியூர் பட்டறைக்குத் தினமும் சைக்கிளில் போய்வருகிறான். உங்கள் உயரம் வந்துவிட்டான். வாசற்படியில் உங்கள் தலை இடித்த அதே இடத்தில் அவனுக்கும் இடிக்கிறது.

இரண்டாவது டேப் வந்தது. கூடவே நீங்கள் எழுதிய கடிதம் இருக்கிறதே, நீங்கள் போனதிலிருந்து வந்ததில் இவ்வளவு நீளமாக வந்தது இதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒரு வரி, பாட்டைப் பற்றி மூன்று பக்கம். பரவாயில்லை. உங்கள் கையெழுத்து மூன்று பக்கம் கிடைத்ததே.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இளவட்டங்கள் வந்தால் முதலில் கைதட்டுகிற பாட்டாகப் போட வேண்டும், ஏனென்றால் மைக்கைத் தொட அவர்களுக்கு வெட்கம், கை தட்ட வெட்கம் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சை நீளமாகப் பிடிக்கிற பாட்டைக் கொடுத்தால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் அன்றைக்கு எழுந்திருக்கவே மாட்டார்கள். வார்த்தை குறைவாக இருக்க வேண்டும். கடைசி அடியை மேஜை மொத்தமும் சேர்ந்து கத்துகிறமாதிரி இருந்துவிட்டால் நடுவில் எவ்வளவு சொதப்பினாலும் தெரியாது. கூச்சப்படுகிற பையனை முதலில் கூப்பிடக்கூடாது, கடைசியிலும் விடக்கூடாது.

இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். இதற்குக் கோபே வரைக்கும் போக வேண்டுமா? டிசம்பர் பிறந்தால் காரல் ரவுண்டுக்குப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு நீங்கள் இங்கே செய்த வேலைதானே இது. எந்த வீட்டில் எந்தப் பாட்டு, எவனை முன்னால் நிறுத்துவது, எவன் கையில் டிரம்மைக் கொடுத்து வாயை மூடுவது என்று எல்லாம் பார்ப்பீர்களே. மழையில் நனைந்துகொண்டு வந்து, தொண்டை கட்டிப்போய், அப்போதும் வாசலில் நின்று எனக்காக ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், திமிராகவும் இருக்கும்.

உங்கள் சட்டத்தை வைத்து நான்தான் இங்கே பாட்டுப் பங்கு போடுகிறேன். கம்பெனி விட்டு வந்ததும் டேப்பைப் போட்டுக் கேட்கிறேன், பையன்கள் என் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். இது ஒன்றில்தான் இந்தத் தெருவில் என் பேச்சை யாரும் மறுப்பதில்லை. ஜார்ஜுக்குப் பெரிய குரல், ஆனால் மேலே போனால் கிழிந்துவிடும். அவனுக்கு முதல் பாட்டு, அந்த டமடம என்று ஆரம்பிக்கிறதே, அது. தாவூது தரையைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவான். நல்ல பையன், குரலும் தேன். அவனுக்கு மூன்றாவது பாட்டு, நடுவில் எல்லோரும் ஹோய் என்று கத்துகிறார்களே, அது. ஹோய் வரும்போதெல்லாம் அவனும் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தமீம் பாய் இதைப் பார்த்துவிட்டு, இன்னா ஐரீன், நீ ஜப்பான்லயே பொறந்தா மாரி கீறியே என்று கேலி செய்கிறார்.

வால்டருக்கு எது என்று நான் சொல்லவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். அவன் பாடும்போது நான் உள்ளே போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் போய்க் கிளறுவேன். அவனுக்கு உங்கள் தொண்டை. பதின்மூன்று வயதில் இருந்த குரல் உடைந்து இப்போது அப்படியே உங்களுடையதாக வந்துவிட்டது. நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை.

கேட்க மறந்தேன். நீங்கள் அந்தக் கடையில் பாடுவதில்லையா? எல்லோருக்கும் பாட்டு எடுத்துக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாடினேன் என்று எங்கும் எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் நம் தெருவில் நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். பையன்கள் ஜப்பான் பாட்டு பாடப்போகிறார்கள். இரும்புத் தாது ஏற்ற நம் துறைமுகத்துக்கு வருகிற தாதுக் கப்பலின் ஜப்பான் பையன்களையும் கூப்பிடலாம் என்று வால்டர் சொல்கிறான். எந்தப் பாட்டோடு அவர்களை வரவேற்பது என்றுதான் நான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் எழுதியதையே எழுதுகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வர முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வால்டர் அம்மா

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
ஜனவரி 1978

வால்டர் அப்பாவுக்கு,

ஐரீன் எழுதுவது. புது வருஷம் உங்களுக்கு நல்ல வருஷமாக இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. அடுத்த வருஷம் கட்டாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும், வருஷா வருஷம் வருகிறதே.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சிரித்துச் சிரித்து அக்காவுக்கு விலாவில் சுளுக்கு.

தாதுக் கப்பலிலிருந்து ஜப்பான் பையன்கள் ஒரு கூட்டமே வந்தார்கள். எல்லோரும் வால்டர் வயது, கொஞ்சம் கூட இருக்கலாம். பளிச்சென்று சட்டை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நம் பெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கலகலாவும் அச்சு முறுக்கும் கொடுத்தோம். அவர்களை வரவேற்க நான் எடுத்திருந்தது, இரண்டாவது டேப்பில் கடைசியாக இருக்கிறதே, அந்தப் பாட்டு. டேப் முழுக்கத் தேடினாலும் அதைப்போலத் துள்ளல் கிடையாது. கேட்டால் செத்தவன் எழுந்து ஆடுவான். இதைத்தான் முதலில் பாட வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். வால்டர்தான் அதைப் பாடுகிறவன்.

பையன்கள் பாட ஆரம்பித்தார்கள். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மொத்தப் பேரும் எழுந்தார்கள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்கள். குனிந்து வணக்கம் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. என்ன குறை வைத்தோம், முறுக்கு காறிவிட்டதா என்று பதறினேன். தமீம் பாய் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து, குந்து மாமு குந்து, இன்னாத்துக்கு அதுக்குள்ள கெளம்புறே என்று இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார். சரி, பாட்டுச் சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானே டேப்பைப் பாட்டின் ஆரம்பத்துக்குப் பின்னால் ஓட்டி, இன்னும் பலமாகப் பாடுங்கடா என்றேன். ஆரம்பித்தார்கள். மறுபடியும் எழுந்தார்கள். மறுபடியும் தொப்பி. மறுபடியும் குனிந்து வணக்கம். பாவம், முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, போகவும் மனசில்லாமல், இருக்கவும் பயந்துகொண்டு நின்றார்கள். மூன்றாவது தடவை போட்டபோது ஒரு பையன் அழுவதுபோல் ஆகிவிட்டான். எங்களைத் துரத்துகிறார்களா, பிடித்து வைக்கிறார்களா என்று அவர்களுக்கும் புரியவில்லை.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒருவர், கப்பலில் ரேடியோ பார்ப்பவராம், அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், வால்டரிடம் சொன்னார். இது அவர்கள் ஊர்ப்பக்கம் கடைகளில் ராத்திரி மூடும் நேரத்தில் போடுகிற பாட்டாம். கடை மூடியாச்சு, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தமாம். இந்தப் பாட்டுக் கேட்டதும் பாதிக் கிளாஸில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. அதற்குப் பிறகும் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு வீடு வாசல் இல்லை என்று நினைப்பார்களாம்.

வால்டர் இதைச் சொன்னதும் தெருவே இடிந்து விழுகிறமாதிரி சிரிப்பு. அவர்களும் சிரித்தார்கள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நீங்கள் கடையில் போடுகிற வரிசையிலேயே டேப்பைப் பதிந்து அனுப்பியிருக்கிறீர்கள். கைதட்டுகிறது முதலில், வீட்டுக்கு அனுப்புகிறது கடைசியில். அர்த்தம் கேட்காதே, எனக்கே பாதி தெரியாது என்று எழுதினீர்களே. இந்தப் பாட்டின் அர்த்தம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தினமும் போடுகிறவர் நீங்கள்தானே.

பிறகு ஜார்ஜ் பாடினான், அவர்கள் கைதட்டினார்கள். தாவூது ஹோய் என்று தலையைத் தூக்கினான், அவர்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முடிக்கும்போது முறைப்படி அந்தக் கடைசிப் பாட்டையே போட்டோம். எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டே எழுந்து, தொப்பி வைத்துக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்து நடந்தார்கள். தெருமுனை திரும்பின பிறகும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று கேட்டேன். தினமும் இப்படித்தானே இந்தப் பாட்டைப் போட்டு ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள் என்றும் நினைத்தேன். அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்டர் அந்தக் கண்ணாடிக்காரரிடம் உங்கள் விலாசத்தைக் காட்டினான். தெரியும், கோபே துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு என்றாராம். அன்றிலிருந்து பையன் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலமானால் துறைமுகத்துப் பக்கம் போய்விடுகிறான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்கிறான். நீங்களும் இப்படித்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே கப்பல் ஏறினீர்கள்.

அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாட்டைப் பற்றி இல்லாமல்.

இப்படிக்கு,
வால்டர் அம்மா

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
ஏப்ரல் 1978

வால்டர் அப்பாவுக்கு,

ஐரீன் எழுதுவது. ஈஸ்டர் வந்துபோனது. அக்காவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். வால்டருக்கு நீங்கள் கடிதம் எழுதவில்லை. மூன்றாவது டேப் வந்தது. நல்ல டேப், எல்லாம் துள்ளலான பாட்டு. பையன்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கேட்கவில்லை.

வால்டருக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. ஜப்பான் போகிற கப்பல்தான். ஜூன் மாதம் இராயப்பர் திருநாளுக்கு முன்னால் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையில் காகிதம் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னான். நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அவன் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அழாத அம்மா, நான் சம்பாரிக்கவா போறேன், நைனாவ இட்டுகினு வரத்தான் போறேன் என்றான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான். நீங்களும் இரண்டே வருஷம் என்று நிஜமாகவே நினைத்துத்தான் போனீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வந்து உங்கள் வாசலில் நின்றால் அவன் என்ன பார்ப்பானோ என்று பயமாக இருக்கிறது. பார்த்துவிட்டு அவன் திரும்பி வராமல் போனால் இந்த வீட்டில் நான் யாருக்கு உலை வைப்பேன்? உங்கள் குரல் இல்லாமல் ஆறு வருஷம் இருந்துவிட்டேன். அந்தக் குரல் திரும்ப இவன் தொண்டையில் வந்தது, அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். அதையும் கடல் எடுத்துக்கொண்டு போனால் நான் தாங்கமாட்டேன். இதை வீம்புக்குச் சொல்லவில்லை. எனக்கு வீம்பு உண்டு என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அவனைத் தடுக்க என்னால் முடியாது. உங்கள் அக்காவால் முடியாது. பங்குச் சாமியார் பேசிப் பார்த்தார், அவருக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டான். உங்களை அழைத்து வரத்தான் அவன் போகிறான். நீங்கள் அதற்குமுன் இங்கே வந்துவிட்டால் அவனுக்குப் போக வேலை இல்லை. நான் யோசித்துப் பார்த்ததில் இது ஒன்றுதான் வழி. மே மாதம் முழுக்க இருக்கிறது. இங்கே வருகிற கப்பலுக்கா அந்தத் துறைமுகத்தில் பஞ்சம்?

இந்தக் கடிதத்தோடு ஒரு டேப் வருகிறது. கண்ணாடிக்காரருடைய கப்பல் திரும்பவும் வந்தது, அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். தமீம் பாய் இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து, ஒன்றில் வாத்தியத்தை ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்தார். இதில் குரல் இருக்கிறது. ஜார்ஜ், தாவூது, தெருப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். நடுவில் கோழி கத்தும், அது நம்முடையது. அக்கா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டுவார்கள், அப்புறம் அழுவார்கள். கடைசியில், கடை மூடும்போது போடுகிற அந்தப் பாட்டை வால்டர் தனியாகப் பாடியிருக்கிறான். என்னையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன், பேச்சு வரவில்லை. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டால் அது நான்.

டேப்பைச் சுற்றியிருக்கும் நீலத் துணி உங்களுக்கு அடையாளம் தெரியும். என்னிடம் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. தைத்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது, அதற்கு நான் நன்றி சொன்னேன் என்றும் சொல்லுங்கள். குளிரில் உங்களைப் பார்த்துக்கொண்ட கை என்றால் அதற்கும் சேர்த்துத்தான். ஒன்றும் கேட்கமாட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பேன், நன்றாகவே கேட்பேன். ஆனால் கடிதத்தில் கேட்கமாட்டேன். நீங்கள் இங்கே சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்த பிறகு, உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். பதில் எதுவாக இருந்தாலும் உங்கள் தட்டு இந்த வீட்டில்தான் இருக்கும்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கடையில் இருக்கிற எல்லோருக்கும் பாட்டு எடுத்துக் கொடுத்தீர்கள். உங்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கிறேன். கடை மூடுகிற நேரத்துக்கு உங்கள் டேப்பைப் போடாமல் இந்த டேப்பைப் போடுங்கள். கடைசிப் பாட்டு, உங்கள் மகன் பாடுவது. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருக்கிறவனை வீடு இல்லாதவன் என்று நினைப்பார்களாமே. உங்களுக்கு வீடு இருக்கிறது. கிளாஸில் பாதி இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

கடல் முழுக்க மாதா உங்களோடு வரட்டும். தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வாருங்கள். குரல் கேட்டதும் தட்டு எடுத்து வைக்கிறேன்.

உங்கள்
ஐரீன்